ஏமாற்றுவது பழுது பார்ப்பது ஆகாது



போன வாரம் நம் குடும்ப குரூப்பில் என் அம்பாசடரின் இண்டிகேட்டர் தொல்லையைப் பற்றி நாலு வரி போட்டேன். வந்த பதில்களில் பாதி ஒரே மாதிரி: "ரெசிஸ்டர் போட்டா முடிஞ்சுது பெரியப்பா, இதுக்குப் போயி இவ்வளவு பேச்சா?" ஆமாம், பேசத்தான் வேண்டும். நீளமாகவே பேசப் போகிறேன். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் விடலாம், பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன்.

என் வண்டி 1978 மாடல், மார்க் 3. தீபாவளிக்கு வந்த மருமகன் ஆசையாக நாலு எல்.இ.டி. பல்பு வாங்கி வந்தார். "மாமா, மஞ்சள் பல்பு மங்கலா இருக்கு, பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது" என்றார். நியாயமான பேச்சு. மாட்டினோம். இண்டிகேட்டர் எரிந்தது, ஆனால் கண் சிமிட்டவில்லை. எரிந்தது எரிந்தபடியே நின்றது. பக்கத்து ஊர்க் கடைக்குக் கொண்டு போனேன். அந்தத் தம்பி பார்த்த மாத்திரத்தில், "சார், லோடு பத்தல. ரெசிஸ்டர் போட்டா சரியாப் போயிரும்" என்றான். நாலு மூலைக்கும் நாலு ரெசிஸ்டர் போட்டான். சிமிட்டியது. காசு கொடுத்துவிட்டுச் சந்தோஷமாக வந்தேன்.

பத்து நாள் கழித்துத் தென்காசி போகிற வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கேட்டைத் தாண்டியதும் வலது பக்கம் திரும்ப வேண்டும் என்பதால் இண்டிகேட்டரைப் போட்டபடி நின்றுகொண்டிருந்தேன். பின் சீட்டில் பேத்தி, "தாத்தா, ரப்பர் வாசன அடிக்குது" என்றாள். இறங்கி டிக்கியைத் திறந்தால், ஒயர்க் கட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்த ரெசிஸ்டர் கொதித்துக்கொண்டிருந்தது. டேக் இளகி, ஒயரின் மேல்தோல் உருகி, பக்கத்தில் விரித்திருந்த மேட்டில் கருப்பு வட்டம் விழுந்திருந்தது. குழந்தை உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகுக்கு அந்தப் பக்கம்தான் அது. இன்னும் கால் மணி நேரம் கேட் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். பழைய இண்டிகேட்டர் பல்பு ஒன்று 21 வாட். ஒரு பக்கத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு, மொத்தம் 42 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். பழைய ஃப்ளாஷருக்குள் இருப்பது கடிகாரம் இல்லை. சூடானால் வளையும் உலோகப் பட்டை. இந்த மூன்றரை ஆம்பியர் அதன் வழியாகப் போகும்போது பட்டை சூடாகி வளைந்து தொடுப்பை விடுகிறது, விளக்கு அணைகிறது; ஆறியதும் திரும்பத் தொடுகிறது, விளக்கு எரிகிறது. "டிக் டிக்" சத்தம் அதுதான். எல்.இ.டி. பல்பு இரண்டும் சேர்ந்து அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. பட்டை சூடாகவில்லை, வளையவில்லை. அதன் கணக்கில் இந்தப் பக்கம் பல்பு ஃபியூஸ் போயிருக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பல்பு போனால் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இருக்கிற குணம் அது. புது வண்டிகளில் இதே காரணத்தால் இண்டிகேட்டர் படபடவென்று வேகமாகச் சிமிட்டும்.

அந்தத் தம்பி போட்ட ரெசிஸ்டர் 6 ஓம். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வையுங்கள். மின்னோட்டம் 2.3 ஆம்பியர், வெப்பம் ஏறத்தாழ 32 வாட். 21 வாட் பல்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் மிச்சம் என்று எல்.இ.டி. போட்டு, அதற்குத் துணையாக 32 வாட் அடுப்பு ஒன்றைக் கட்டியிருக்கிறோம்! சிமிட்டும்போது பாதி நேரம்தான் ஓடுகிறது என்றாலும், தகரத்தில் திருகி வைக்காத ரெசிஸ்டரைக் கையால் தொட முடியாத அளவுக்கு ஏற்ற அது போதும். பழைய பல்புக்காவது வெளிச்சம் என்ற பிரயோஜனம் இருந்தது.

"சார், புது கார்லயும் ரெசிஸ்டர் போடுறாங்களே" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். போடுகிறார்கள். அங்கே பல்பைச் சோதிப்பது கம்ப்யூட்டர். அதை மாற்ற முடியாத இடத்தில் வேறு வழியில்லை. அப்போதும் அதை வெறும் இரும்புத் தகட்டில், ஒயரும் பிளாஸ்டிக்கும் படாமல் திருகி வைக்க வேண்டும். ஆனால் நம் பழைய வண்டியில் ஃப்ளாஷர் என்பது பிடுங்கி மாட்டுகிற ஒரு சின்ன டப்பா. டப்பாவை மாற்றாமல் அதை ஏமாற்ற வெப்பத்தைக் கொட்டுவது என்ன வைத்தியம்? காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை ஐஸில் வைப்பது மாதிரி.

கடைசியில் வழி காட்டியது என் மாணவன்தான். பத்தாம் வகுப்பில் இயற்பியலில் தட்டுத்தடுமாறித் தேறியவன், இன்றைக்கு ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறான். அவன் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உதவும்.

முதலில் ரெசிஸ்டர்களை வெட்டி எறிந்தான். ஒரு பக்கம் மட்டும் பழைய பல்பு இரண்டையும் மாட்டினான். ஒழுங்காகச் சிமிட்டியது. "ஒயரிங் நல்லாருக்கு சார், குத்தம் ஃப்ளாஷர்ல" என்றான். அடுத்து ஹோல்டர்களின் துருவைச் சுரண்டி எர்த் பார்த்தான். எல்.இ.டி. குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால் எர்த் மோசமாக இருந்தால் மங்கலாக எரிந்து நம்மைக் குழப்பும். பிறகு எல்.இ.டி.க்கு என்றே வரும் மூன்று கால் எலக்ட்ரானிக் ஃப்ளாஷரை மாட்டினான். ஒரு கால் சப்ளைக்கு, ஒரு கால் சுவிட்சுக்கு, மூன்றாவது பாடி எர்த்துக்கு. லோடு எவ்வளவு என்று அது கவலைப்படுவதில்லை.

எல்.இ.டி.யை மாட்டி சுவிட்சைத் தட்டினால், நாலு விளக்கும் சேர்ந்து சிமிட்டின! அவன் சிரித்தான். என் டாஷ்போர்டில் இருபக்கத்துக்கும் பொதுவாக ஒரே பைலட் பல்பு. இடது பக்கம் போட்டால் அந்தப் பல்பின் மின்சாரம் வலது பக்க விளக்குகள் வழியாகத்தான் எர்த்துக்குப் போகும். பழைய பல்புகளுக்கு அந்தத் துளி மின்சாரம் ஒரு பொருட்டில்லை, எல்.இ.டி.க்கு அதுவே எரியப் போதும். இரண்டு பக்கத்து ஒயரிலும் ஒவ்வொரு டயோடு வைத்து, கோடு போட்ட முனைகளைச் சேர்த்து பைலட்டுக்குக் கொடுத்து, பைலட்டின் மறுமுனையை எர்த் செய்தான். 1N4007 அல்ல, அதைத் தமிழிலேயே எழுதுகிறேன்: ஒன்று என் நாலாயிரத்து ஏழு. சில ரூபாய்ச் சாமான். தீர்ந்தது.

எல்.இ.டி. கெட்டது என்று நான் சொல்லவில்லை. பிரேக் லைட்டுக்கு அது நல்லது. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறவர் அதற்குள் 3 மீட்டருக்கு மேல் வந்துவிடுவார். எல்.இ.டி. உடனே எரியும். ஒன்று மட்டும் கவனம், சிவப்புக் கண்ணாடிக்குள் சிவப்பு, மஞ்சளுக்குள் மஞ்சள் எல்.இ.டி.தான் போட வேண்டும். வெள்ளை போட்டால் நிறம் வெளுத்துவிடும்.

என் கோபம் அந்தக் கடைத் தம்பி மேல் மட்டும் இல்லை. அவனும் எங்கோ ஒரு பள்ளியில் ஜூல் வெப்ப விதியை எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பான். நானும் 31 வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். எழுதிப் போட்டேனே தவிர, ஒருநாளும் ஒரு ஃப்ளாஷரைப் பிரித்து வகுப்பில் காட்டியதில்லை. கடையில் அவன் "ரெசிஸ்டர்" என்றபோது எத்தனை வாட் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அந்த வெட்கத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது பழைய வண்டியிலோ பைக்கிலோ ரெசிஸ்டர் போட்டிருந்தால், இன்று சாயங்காலம் இண்டிகேட்டரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டுப் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சூடு தெரியும். அது ஒயர் மேல் இருந்தால் நாளைக்கே கழற்றுங்கள். ஆசிரியர்களாக இருக்கிற மாணவர்கள் கடையில் ஒரு பழைய ஃப்ளாஷர் கேட்டு வாங்கி வகுப்புக்குக் கொண்டு போங்கள். நான் செய்யாமல் விட்டதை நீங்களாவது செய்யுங்கள்.