முகாரி அறையில் யார் தங்குவார்கள்?

நம் ஊரில் என் வயதுக்காரர்களுக்கு ஹோட்டல் என்றால் இட்லியும் நெய் ரோஸ்ட்டும்தான். தங்குவதற்கு இருப்பது லாட்ஜ். இன்றைய பிள்ளைகள் இரண்டையும் ஹோட்டல் என்கிறார்கள். போதாததற்கு இப்போது ‘தீம் ஹோட்டல்’ வேறு.

என் தம்பியின் பேரன் சென்னையில் விளம்பர டிசைன் வேலை செய்கிறான். நம் பக்கத்திலேயே கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தங்கும் விடுதிக்கு, இசையைக் கருவாக வைத்து, பெயர்ப் பலகை முதல் சோப்பு உறை வரை படம் போடும் வேலை அவனுக்கு வந்திருக்கிறது. “பெரிய தாத்தா, பாத்துட்டுச் சொல்லுங்க” என்று போனில் நாற்பது படங்கள் அனுப்பினான். நெசவாளர் சங்கத்தில் கிராப் பேப்பரில் பார்டரும் புட்டாவும் எழுதியே காலத்தைக் கழித்தவன் நான். படம் என்றால் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கத் தெரியும். பார்த்ததில் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதல் படம் வீணை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் இடம் வலம் மாறிவிட்டது. வாசிப்பவருடைய வலக்கை குடத்தின் பக்கம் மீட்டும், இடக்கை மெட்டுகளின் மேல் ஓடும், யாளி முகம் அவருக்கு இடப்பக்கம் இருக்கும். இந்தப் படத்தில் எல்லாம் தலைகீழ். கம்ப்யூட்டரில் யாரோ திருப்பிப் போட்டிருக்கிறார்கள். தந்தி ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அடுத்தது மிருதங்கம், இரண்டு பக்கமும் கருப்பு வட்டம்! கருப்புக் கரணை வலந்தலைக்குத்தான். தொப்பிப் பக்கம் கச்சேரிக்கு உட்காரும்போது ரவையைப் பிசைந்து ஒட்டி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

இதையெல்லாம் யார் கவனிப்பார்கள் என்று கேட்கலாம். நம் பக்கத்து லாட்ஜில் முகூர்த்த நாளில் வந்து தங்கும் இசைக்காரர் யார்? நாதஸ்வர செட்டுதான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மண்டபத்துக்குப் போகிறவர்கள். அவர்கள் கண்ணில்தான் அந்த மிருதங்கம் முதலில் படும். கிடார் இருக்கிறது, சாக்ஸபோன் இருக்கிறது, பியானோ கட்டைகள் மாடிப்படி முழுக்க இருக்கின்றன. நாதஸ்வரமும் தவிலும் நாற்பது படத்தில் ஒன்றில்கூட இல்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. நம் ஊர்ப் பட்டுக்கும் அந்தக் குறியீடு உண்டு. விடுதிச் சுவரில் மட்டும் அதற்கு இடமில்லை.

வெளிநாட்டில் இந்த வியாபாரத்தைப் பெரிதாகச் செய்தவர்கள் ஹார்ட் ராக் கம்பெனிக்காரர்கள். 1971-ல் லண்டனில் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் ஒரு சாப்பாட்டுக் கடையாகத் தொடங்கியது. எரிக் கிளாப்டன் என்ற கிடார் வித்வான் அங்கே வாடிக்கையாளர். தனக்குப் பிடித்த இடத்துக்கு மேலே மாட்டச் சொல்லித் தன் கிடார் ஒன்றைக் கொடுத்தார். அதைப் பார்த்து பீட் டவுன்ஷெண்ட் என்ற இன்னொருவர் தன்னுடையதையும் அனுப்பினார். அப்படித்தான் சுவர் நிறைந்தது. பிறகு ஓட்டலாகி, லாட்ஜாகி, கோவா வரைக்கும் வந்துவிட்டது. ஃப்ளோரிடாவில் கிடார் வடிவத்திலேயே ஒரு கட்டடம் 2019-ல் திறந்தார்கள். அந்தக் கட்டடம் எனக்குப் பெரிதில்லை. முதலில் சுவரில் ஏறியது ஒருவர் கையில் இருந்த வாத்தியம், அச்சடித்த படம் அல்ல. நம்மவர்கள் எடுத்துக்கொண்டது கிடார் படத்தை மட்டும்.

நம்மிடம் இதற்கு ஆள் இல்லாமலா? தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்றதும் நம் மனதில் வரும் மூன்று முகங்கள் பெரும்பாலும் எஸ். ராஜம் வரைந்தவை. 1919-ல் பிறந்து 2010-ல் மறைந்தவர், வீணை பாலசந்தரின் அண்ணன். மற்றவர்கள் தொடத் தயங்கும் விவாதி மேளங்களைத் துணிந்து பாடிய சங்கீதக்காரர். அவர் தூரிகையில் வீணை இடம் மாறுமா?

படம் போடாமலே அடையாளம் உண்டாவதும் உண்டு. காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவர் எம்.எஸ். அம்மாவுக்கு நெய்து கொடுத்த நீலத்துக்கு ‘எம்.எஸ். ப்ளூ’ என்றே பெயர் நின்றுவிட்டது. எந்த விளம்பரக் கம்பெனியும் அதற்குப் பணம் வாங்கவில்லை. சாயத் தொட்டியிலிருந்து வந்த பெயர் அது.

அறைகளுக்கு ராகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பூபாளம், நீலாம்பரி வரைக்கும் சரி. நீலாம்பரி தாலாட்டு ராகம், தூக்கம் வரட்டும். முகாரி என்றும் ஓர் அறை! சோக ராகம் என்று ஊரே சொல்லும் பெயரில் புதுமணத் தம்பதியைத் தங்க வைப்பார்களா? ராகப் பெயர்தான் வேண்டுமென்றால் 72 மேளகர்த்தாவை எடுத்துக்கொள்ளலாம். ஆறு ஆறாகப் பன்னிரண்டு சக்கரம். மாடிக்கு ஆறு அறை என்றால் முதல் மாடி இந்து, ஒன்று, சந்திரன் ஒன்று என்பதால். இரண்டாவது நேத்ரம், கண் இரண்டு. மூன்றாவது அக்னி. மூன்றாம் மாடியில் மூன்றாவது அறை 15, மாயாமாளவகௌளை, குழந்தைகள் சரளி வரிசை பாடும் ராகம். ‘மா’வுக்கு 5, ‘யா’வுக்கு 1, திருப்பிப் படித்தால் 15. ராகத்தின் பெயருக்குள்ளேயே அதன் எண் ஒளிந்திருக்கிறது. அறைச் சாவியில் எழுத இதைவிட என்ன வேண்டும்? இதைச் சொன்னபோது பையன் உடனே குறித்துக்கொண்டான்.

நான் உண்மையில் கேட்டது வேறொன்று. ஜக்கார்டு அட்டை. ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று, துளை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் 1800-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏற்பாடு. அதே பிரான்ஸில் கவியோலி என்ற வாத்தியக் கம்பெனி, 1892-ல், துளையிட்ட அட்டைகளை மடித்து மடித்து இணைத்துத் திருவிழா ஆர்கனுக்குள் ஓட்டியது. துளை வந்த இடத்தில் குழல் ஊதும். மயிலையும் மாங்காயையும் தறியில் கொண்டுவருகிற அட்டைக்குச் சொந்தக்காரன்தான் அந்தப் பாட்டு அட்டையும். இசை விடுதிக்கு, அதுவும் ஆரணிப் பக்கத்தில், இதைவிடப் பொருத்தமான சின்னம் எனக்குத் தெரியவில்லை. பழைய அட்டைக் கோர்வை ஒன்றை வரவேற்பறையில் மேலிருந்து கீழே தொங்கவிடலாம். ஆதி தாளத்தின் நான்கு, இரண்டு, இரண்டை ருத்ராட்சப் பார்டராக எழுதி, ஒரு முழம் பட்டில் நெய்து, கட்டிலின் தலைப்பக்கம் சட்டம் போட்டு மாட்டலாம். செய்யாறு, புரிசைப் பக்கத்துத் தெருக்கூத்து ஆர்மோனியமும் முகவீணையும் ஒரு சுவரில் வரட்டும்.

விலையைத்தான் முதலாளி யோசிப்பாராம். சென்னைக் கம்பெனிக்கு லட்சக்கணக்கில் போகிறது, படமோ எங்கிருந்தோ இறக்கியது. இங்கே கம்ப்யூட்டர் வந்த பிறகு கிராப் எழுதியவர்களும் அட்டை குத்தியவர்களும் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள். பிளெக்ஸ் வந்ததும் போர்டு எழுதியவர்களுக்கும் அதே கதி. பார்டருக்கு ஒரு கிராப் எழுத எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் எடுப்பார். கண்ணாடி மாற்றிக்கொண்டால் இன்னும் எழுதுவார். பழைய அட்டைகள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வேண்டுமென்றால் இந்த ஆடிக்குள் கேட்டு வாங்க வேண்டும், தறிக்காரர்கள் வீட்டை ஒழிக்கும் நேரம் அது.