களத்தை இறுக்கும் இயந்திரம்: விலைக்கா, வாடகைக்கா?

பணம் செலவழித்துப் போட்ட உலர்களம் ஒரே மழைக்காலத்தில் நடுவில் பள்ளமாகித் தளம் வெடித்துவிடுவது கிராமங்களில் புதிய காட்சி அல்ல. மாட்டுக் கொட்டகையின் தரை ஒரு பக்கம் இறங்கிக் கோமியம் தேங்குவதும் அப்படியே. இதற்குக் கொத்தனாரைக் குறை கூறுவார்கள். சிமெண்டைக் குறை கூறுவார்கள். பல இடங்களில் குற்றம் இரண்டிலும் இல்லை. தளத்துக்கு அடியில் கொட்டிய மண்ணை முறையாக இடித்து இறுக்காததே காரணமாகும்.

இந்த அனுபவம் பட்டவர்கள் அடுத்த முறை மண் இறுக்கும் இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கிவிடலாமா என்று எண்ணுகிறார்கள். வீட்டு முற்றம், களம், கொட்டகை, வண்டிப் பாதை என்று வேலை பல இருக்கும்போது அந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் சிறு விவசாயிக்கு இது தேவையற்ற செலவு. அவருக்குத் தேவை, தம் மண்ணுக்கு ஏற்ற இயந்திரம் எது என்ற தெளிவும், அதை இரண்டொரு நாள் வாடகைக்கு எடுக்கும் வசதியுமே.

மண்ணைப் பார்த்தே இயந்திரம்

மண்ணை இறுக்குவது என்பது மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை வெளியேற்றுவதாகும். மணலும் சரளையும் அதிர்ந்தால் ஒன்றோடொன்று நெருங்கி அமரும். களிமண் அப்படி அமராது. அதை ஓங்கி இடித்துத்தான் நெருக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் இயந்திரத் தேர்வில் பாதி முடிந்தது.

அதிர்வுத் தகடு இயந்திரம், அடியில் உள்ள தட்டையான இரும்புத் தகட்டை அதிரச் செய்துகொண்டே நகரும். வாடகைக்குக் கிடைக்கும் சிறிய வகை 60 முதல் 100 கிலோ வரை எடை இருக்கும். கிராவல், சரளை, மணல், உடைகல் தூள் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. ஈரக் களிமண்ணில் இது ஒட்டிக்கொண்டு நிற்குமே தவிர, இறுக்காது.

ராம்மர் எனப்படும் குதிக்கும் இயந்திரம் ஏறக்குறைய 60 முதல் 80 கிலோ எடை உள்ளது. சிறிய அடித்தகட்டால் நிமிடத்துக்குப் பல நூறு முறை இடிக்கும். களிமண், களி கலந்த செம்மண், அஸ்திவாரக் குழி, குழாய் பதித்த வாய்க்கால், பண்ணைக்குட்டையின் கரை ஆகியவற்றுக்கு இது பொருந்தும். பரந்த களத்தைச் சமப்படுத்த இது உதவாது.

கைத் திமிசுக்கட்டையை இன்றும் ஒதுக்க வேண்டியதில்லை. வேலிக்கால் குழி, சுவர் ஓரம், மூலை முடுக்கு, பத்தடிக்குப் பத்தடி அளவான சிறு தரை ஆகியவற்றுக்கு அது போதும். ஒரு தடவைக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் மண் போடாமல் இடிக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. கல் உருளை மேற்பரப்பை நெருக்கி மட்டமாக்கும். ஓரடி உயரத்துக்குக் கொட்டிய மண்ணின் அடிவரை அதன் பலம் எட்டாது.

டிராக்டரை இரண்டு முறை ஓட்டிவிட்டால் மண் இறுகிவிடும் என்று நினைப்பது தவறு. சக்கரம் பட்ட இடம் இறுகும், படாத இடம் தளர்ந்தே நிற்கும். பின்னர் ஒரு பக்கம் இறங்கித் தளம் வெடிப்பதற்கு இதுவே வழி செய்கிறது.

ஈரப் பதம்

எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் ஈரம் தவறினால் பயன் இல்லை. ஒவ்வொரு மண்ணுக்கும் மிக நன்றாக இறுகுவதற்கென்று ஓர் ஈரப்பதம் உண்டு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அணைக்கட்டு வேலைகளில் ஈடுபட்டிருந்த பிராக்டர் என்ற பொறியாளர் 1933-ல் இதைச் சோதனை முறையாக வகுத்துக் காட்டினார். இன்றும் சாலை, அணை வேலைகளில் மண்ணைச் சோதிக்கும் முறை அவர் பெயராலேயே வழங்குகிறது.

விவசாயிக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடிக்க வேண்டும். உருண்டையாக நின்று, கையில் ஈரம் கசியாமல், இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளித்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். தரையில் அப்பிக்கொண்டால் ஒரு நாள் காயவிட வேண்டும். காய்ந்த மண்ணை இடித்தால் மேலே புழுதி பறக்கும். சேற்றை இடித்தால் பக்கத்தில் பிதுங்கும். இரண்டிலும் வாடகைப் பணம்தான் வீண்.

அடுக்கடுக்காகப் போடுதல்

இரண்டடி மண்ணை மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடிப்பதுதான் பெரிய தவறு. மேல் நாலைந்து அங்குலம் கல்போல் ஆகும். அடியில் மண் தளர்ந்தே கிடக்கும். முதல் மழையில் நீர் இறங்கியதும் அது அமர்ந்துவிடும். சிறிய அதிர்வுத் தகடானால் நான்கு முதல் ஆறு அங்குலமும், ராம்மரானால் எட்டு அங்குலம் வரையும் தளர் மண்ணைப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் மூன்று நான்கு முறை இடித்த பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். கடப்பாரையைக் குத்திப் பார்த்தால் எளிதில் இறங்கக் கூடாது.

இறுகும்போது மண்ணின் உயரம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். உதாரணமாக, 20 அடி அகலம் 30 அடி நீளம் உள்ள களத்துக்கு இறுகிய பின் 6 அங்குலக் கிராவல் வேண்டுமானால், ஏறத்தாழ 8 அங்குலம் பரப்ப வேண்டியிருக்கும். இது 400 கன அடி, அதாவது 4 யூனிட். 3 யூனிட் போதும் என்று கணக்கிட்டால் பாதி வேலையில் லாரியைத் தேடி அலைய நேரிடும். எட்டு அங்குலத்தையும் ஒரே அடுக்காகப் போடாமல் இரண்டாகப் பிரித்து இடிப்பது நலம். தண்ணீர் வடிய, பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் விடுவதும் அவசியம்.

கரிசல் பூமிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கரிசல் மண் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். எந்த இயந்திரத்தால் இடித்தாலும் இந்தக் குணம் மாறாது. தளம் வரும் இடத்தில் ஓரடி, இரண்டடிக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவலை அடுக்கடுக்காக நிரப்பி இடிப்பதே வழி. வெட்டிய கரிசலை வயலுக்குக் கொண்டுபோகலாம்.

வயலுக்குள் கூடாது

இயந்திரம் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லா மண்ணையும் இறுக்கிவிடக் கூடாது. களத்தில் இறுகிய மண் செல்வம். தோட்டத்தில் இறுகிய மண் நஷ்டம். வேர் இறங்காது, நீர் இறங்காது. நிலத்தடியில் இறுகிய அடுக்கை உடைப்பதற்கென்றே உளிக்கலப்பை ஓட்ட விவசாயிகள் செலவு செய்கிறார்கள். வீட்டு முற்றத்திலும் தென்னை, மா, முருங்கை நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில அடிகள் விட்டே இடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கால் புதையும் அளவுக்குத் தளர்ந்த நெல் வயல்களில், சரியான ஈரப் பதத்தில் 400 கிலோ கல் உருளையையோ கல் நிரப்பிய டிரம்மையோ 8 முறை உருட்டும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதற்கும் உருளையே போதும். இடிக்கும் இயந்திரம் தேவையில்லை.

பழைய மண்சுவர், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றின் விளிம்பு ஆகியவற்றுக்கு அருகே அதிரும் இயந்திரத்தைக் கொண்டுபோவது ஆபத்து. அங்கே கைத் திமிசே நல்லது. பெட்ரோல் இயந்திரத்தை மூடிய கொட்டகைக்குள் ஓட்டினால் அதன் புகை உயிருக்கே கேடாகும். ஓட்டுபவர் கனமான காலணி அணிவதும், இருவர் மாறி மாறி ஓட்டுவதும் அவசியம்.

வாங்குவது யாருக்கு?

ஐந்து ஏக்கர்க்காரர் ஒருவருக்கு இந்த இயந்திரத்தால் எத்தனை நாள் வேலை இருக்கும்? களம் போட இரண்டு நாள், கொட்டகைக்கு ஒரு நாள். அதன்பின் அது மூலையில் கிடக்கும். பழைய பெட்ரோல் பிசினாகி எஞ்சினை அடைக்கும். மறுபடி தேவைப்படும்போது முதல் செலவு மெக்கானிக்குக்கே. அந்தப் பணத்தில் ஒரு கறவை மாட்டுக்குத் தீவனமாவது வாங்கலாம்.

நகரங்களில் சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடைகளில் இவ்விரு இயந்திரங்களும் கிடைக்கின்றன. வாடகை நாள் கணக்கில் ஏறுவதால், மண் கொட்டி, பரப்பி, நனைத்துப் பதம் வந்த பிறகே எடுத்துவர வேண்டும். நான்கு வீட்டுக்காரர்கள் பேசி ஒரே வாரத்தில் வேலையை வைத்துக்கொண்டால் ஏற்று இறக்குக் கூலி நான்கில் ஒரு பங்காகும்.

கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் குழுக்களும் நடத்தும் கருவி வாடகை மையங்களில் டிராக்டருக்கும் கலப்பைக்கும் உள்ள இடத்தில், ஓர் அதிர்வுத் தகட்டுக்கும் ஒரு ராம்மருக்கும் இடம் கொடுப்பது பெரிய செலவல்ல. ஒருவருக்கு மூன்று நாள் வேலை என்பது ஓர் ஊருக்கு நூறு நாள் வேலை. தனி ஆளுக்குச் சுமையாகும் இயந்திரம், சங்கத்துக்கு வருமானம் தரும். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு கோரிக்கையாக உறுப்பினர்கள் முன்வைக்கலாம். நெல்லைக் காயவைக்க நல்ல களம் இல்லாமல் ஈர நெல்லாகவே குறைந்த விலைக்கு விற்கும் விவசாயிக்கு, இதைவிட அவசியமான கருவிகள் அதிகம் இல்லை.