செகண்ட் ஹேண்ட் டிஷ்வாஷரா? முதல்ல தண்ணியைப் பாருங்க

ஊரிலிருந்து போன் வந்தா இதே கேள்விதான்: "கோயமுத்தூர்ல ஒருத்தர் பழைய டிஷ்வாஷரைப் பாதி விலைக்குத் தர்றாராம், வாங்கலாமா?"

வாங்கலாம். விலையை அப்புறம் பேசுங்க.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாப் படியுதே, அதேதான் மெஷின் ஹீட்டரிலும் படியும். அதைத் தடுக்கத்தான் அடித்தட்டில் திருகு மூடியோட உப்பு அறை. அது இல்லாத மெஷின் வேண்டவே வேண்டாம். இருந்தாலும் பழைய ஓனர் உப்பே போடாம ஓட்டியிருந்தா பாதி விலையும் அதிகம். சமையல் உப்பு ஆகாது, அதுக்குன்னு விக்கிற கல் உப்புதான் போடணும்.

மூணாறு, பீர்மேடு பக்கம் வேற கவலை. சர்வீஸ் ஆள் மலையேறி வருவாரா? மாடல் நம்பரைச் சொல்லி, ஸ்பேர் கிடைக்குமான்னு முன்னாடியே கேட்டுடுங்க.

ஒரு ரவுண்டு முழுசா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. முடிஞ்சு கதவைத் திறந்தா சூடு முகத்தில் அடிக்கணும். அடியில் தண்ணி தேங்கக் கூடாது, கதவு ரப்பர் ஓரம் கசியக் கூடாது. வீட்டில் 16 ஆம்பியர் பிளக் வேணும்.

அமெரிக்காவில் நாங்க கழிக்கிற மெஷினை அனுப்பச் சொல்லாதீங்க. இது 120 வோல்ட், நம்மூர் 230.

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, மெஷின் ஒரே மாசத்தில் படுத்துட்டா, "நாலு பாத்திரத்துக்கு மெஷினா"ன்னு கேட்ட ஆம்பளைங்க "அப்பவே சொன்னேன்"னு ஜெயிச்சிடுவாங்க. அம்மா மறுபடி சிங்க் முன்னாடி. அப்புறம் அந்த வீட்டுக்கு இன்னொரு மெஷின் வரவே வராது.