4 லட்சம் ரூபாய் கேமரா... ஆனா ஸ்க்ரீன் மடங்காது! காம்பேக்ட் கேமராக்களில் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

பத்து வருடங்களாகக் காத்திருந்த ரசிகர்களுக்கு 2025 ஜூலையில் சோனி ஒரு கேமராவை அறிமுகம் செய்தது. பெயர் ஆர்எக்ஸ்1ஆர் மார்க் 3. உள்ளே 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார், ஸைஸ் நிறுவனப் பெயர் தாங்கிய 35 மில்லிமீட்டர் லென்ஸ். எடை 498 கிராம்தான். அமெரிக்காவில் விலை சுமார் 5,100 டாலர். வரி சேர்க்காமலேயே நம்ம ரூபாயில் 4 லட்சத்தைத் தாண்டுகிறது.

அறிமுகமான அன்றே பாராட்டோடு சேர்ந்து கேள்விகளும் கிளம்பின. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் இதில் கிடையாது. பின்பக்க ஸ்க்ரீன் மேலேயும் மடங்காது, கீழேயும் மடங்காது. 2015ல் வந்த இதன் முந்தைய மாடலில் மடங்கும் ஸ்க்ரீன் இருந்தது. விலை ஏறியிருக்கு, வசதி எப்படி குறையும் என்பதுதான் பலரின் கேள்வி.

இது சோனிக்கு மட்டுமான கேள்வி இல்லை. ஒரு லட்சத்துக்கு மேல் விலை உள்ள எந்த சின்ன கேமராவை எடுத்தாலும், அதில் ஏதோ ஒன்று 'இல்லை' என்றுதான் இருக்கும். அந்த 'இல்லை' எங்கிருந்து வருகிறது? இயற்பியல் போடும் கட்டுப்பாடா, நிறுவனம் எடுத்த முடிவா? பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நல்லது.

போன் இருக்கும்போது இது எதுக்கு?

சிஐபிஏ என்ற ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் கணக்குப்படி, 2010ல் லென்ஸ் கழற்ற முடியாத காம்பேக்ட் கேமராக்கள் 10 கோடிக்கும் மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023ல் அது சுமார் 17 லட்சம். ஸ்மார்ட்போன் வந்து அந்த சந்தையைக் கிட்டத்தட்ட துடைத்துப் போட்டது.

10 ஆயிரம், 15 ஆயிரம் ரூபாய் கேமராக்கள்தான் முதலில் காணாமல் போனவை. பிழைத்திருப்பதில் முக்கியமானவை போனால் செய்ய முடியாததைச் செய்பவை. அதாவது பெரிய சென்சார், நல்ல லென்ஸ், கையில் பிடிக்க ஒரு சுகம். ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100வி மாடல் 2020ல் வந்தது. டிக்டாக் வீடியோக்களால் பிரபலமாகி, பழைய கேமராவே புதுசின் விலையைத் தாண்டி விற்ற காலமும் உண்டு. 2024 பிப்ரவரியில் அதன் அடுத்த மாடலான எக்ஸ்100விஐ 1,599 டாலருக்கு வந்தபோது, பல நாடுகளில் பேர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

ஆக, ஆசை இருக்கு, சந்தையும் இருக்கு. பிரச்சனை, எல்லாத்தையும் ஒரே டப்பாவில் அடைக்க முடியாது என்பதுதான்.

முதல் கணக்கு: சென்சாரா, பாக்கெட்டா?

சென்சார் என்பது வெளிச்சத்தைப் பிடிக்கும் தட்டு. மழையில் வாளி வைப்பது மாதிரிதான். வாய் அகலமான வாளியில் அதிக தண்ணீர் சேரும்.

'1 இன்ச்' என்று விற்கப்படும் சென்சாரின் உண்மையான அளவு 13.2 மில்லிமீட்டருக்கு 8.8 மில்லிமீட்டர். பெயரில் உள்ள அந்த ஒரு இன்ச் அதில் எந்தப் பக்கத்திலும் கிடையாது! ஏபிஎஸ்-சி என்ற அடுத்த வகையின் பரப்பு இதைப் போல சுமார் 3 மடங்கு. ஃபுல் ஃபிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர். 1 இன்ச் சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பு 7 மடங்குக்கும் மேல்.

இரவு நேரத் தெரு, மெழுகுவர்த்தி வெளிச்சம், கல்யாண மண்டபத்தின் மங்கலான மூலை. இங்கெல்லாம் பெரிய சென்சாருக்குத்தான் லாபம். ஆனால் சென்சார் பெரிதானால், அது முழுவதும் ஒளியைப் பரப்ப லென்ஸும் பெரிதாக வேண்டும். கேமரா மேல்மூடியை எவ்வளவு மெல்லியதாகச் செய்தாலும் லென்ஸ் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும்.

எண்களைப் பாருங்கள். ரிகோ ஜிஆர் 3 கேமராவின் தடிமன் சுமார் 33 மில்லிமீட்டர். ஃபியூஜி எக்ஸ்100விஐ சுமார் 55. சோனி ஆர்எக்ஸ்1ஆர் மார்க் 3 சுமார் 87. முதலாவது பேன்ட் பாக்கெட்டில் போகும். இரண்டாவதுக்கு ஜாக்கெட் பாக்கெட் வேண்டும். மூன்றாவதைப் பையில் போட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தில்தான் மாட்ட வேண்டும்.

இதில் எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது. இது சுத்தமான இயற்பியல்.

இரண்டாவது கணக்கு: ஜூம் ஏன் இல்லை?

'இவ்ளோ விலை கொடுத்தும் ஜூம் இல்லையா?' கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி. இதற்கு சோனியின் ஆர்எக்ஸ்100 வரிசையே நல்ல பாடம்.

2016ல் வந்த மார்க் 5 மாடலில் 24 முதல் 70 மில்லிமீட்டர் வரை ஜூம். அப்பர்ச்சர் எஃப்1.8ல் தொடங்கும். அதாவது லென்ஸின் துளை நன்றாகத் திறக்கும், இருட்டுக்கு நல்லது. 2018ல் வந்த மார்க் 6ல் ஜூம் 200 மில்லிமீட்டர் வரை நீண்டது. எடை ஏறவே இல்லை, இரண்டுமே சுமார் 300 கிராம்தான். அப்படியானால் அந்தக் கூடுதல் ஜூம் இலவசமாகவா வந்தது?

இல்லை. அப்பர்ச்சர் எஃப்2.8ல்தான் தொடங்கியது. அகலக் கோணத்தில் உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போனது. கடும் வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்க உள்ளேயே இருந்த என்டி ஃபில்டரும் காணாமல் போனது. பகலில் தூரத்துப் பறவையை எடுக்கிறவருக்கு இது லாபம். இரவு விருந்தில் குழந்தையை எடுக்கிறவருக்கு நஷ்டம். அதே 2018ல், பழைய லென்ஸுடன் மார்க் 5ஏ என்ற மாடலையும் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

ஃபியூஜி, ரிகோ, லைகா ஆகியவை இங்கே வேறு வழியில் போகின்றன. ஜூமே வேண்டாம், ஒரே கோணம், ஆனால் அதில் தரம். கூடவே மெகாபிக்சலை ஏற்றிவிட்டு, தேவைப்பட்டால் படத்தை வெட்டிக்கொள் என்கிறார்கள். எக்ஸ்100விஐயின் 40 மெகாபிக்சல் படத்தை 35லிருந்து 70 மில்லிமீட்டர் கோணத்துக்கு வெட்டினால் மிஞ்சுவது 10 மெகாபிக்சல். மொபைலில் பார்க்கவும் சின்ன பிரிண்ட் போடவும் அது தாராளம். சுவரை நிறைக்கும் பிரிண்டுக்குப் பத்தாது.

மூன்றாவது கணக்கு: ஸ்டெபிலைசேஷனின் எடை 43 கிராமா?

சோனி மீதான முக்கியமான புகார் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்த வசதியில் சென்சார் ஒரே இடத்தில் ஒட்டப்பட்டிருக்காது. மின்காந்தங்களின் பிடியில் மிதக்கும். உங்கள் கை ஒரு பக்கம் நடுங்கினால், அது எதிர்ப்பக்கம் நகர்ந்து சரிசெய்யும். நகர்வதற்கு அதைச் சுற்றி இடம் வேண்டும். கூடவே சூடு வெளியேறவும் வழி வேண்டும்.

அதற்கு எவ்வளவு விலை? ஃபியூஜி இதற்குக் கிட்டத்தட்ட நேரடியான பதிலைத் தந்திருக்கிறது. ஸ்டெபிலைசேஷன் இல்லாத எக்ஸ்100வி 478 கிராம். அந்த வசதி சேர்ந்த எக்ஸ்100விஐ 521 கிராம். தடிமன் கூடியது 2 மில்லிமீட்டர். மற்ற மாற்றங்களும் நடந்தன, எனவே மொத்தக் கணக்கையும் இந்த ஒரு வசதி மேல் எழுத முடியாது. ஆனாலும் 43 கிராமுக்குள் முடித்துவிட்டார்கள்.

லாபம் எவ்வளவு? ஃபியூஜி சொல்வது அதிகபட்சம் 6 ஸ்டாப். அதாவது 64 மடங்கு நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்று காகிதக் கணக்கு. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். எதிரே ஓடும் குழந்தையை நிறுத்தாது.

ரிகோ எதை விட்டுக்கொடுத்தது?

ரிகோ ஜிஆர் 3 இன்னும் பிடிவாதமான கேமரா. ஏபிஎஸ்-சி சென்சார், ஸ்டெபிலைசேஷன், எல்லாம் சேர்த்து 257 கிராம். எக்ஸ்100விஐயின் பாதி எடை!

எப்படி முடிந்தது? வியூஃபைண்டர் கிடையாது. மடங்கும் ஸ்க்ரீன் கிடையாது. ஜிஆர் 2ல் இருந்த ஃப்ளாஷையும் எடுத்துவிட்டார்கள். அப்பர்ச்சர் எஃப்2.8, எஃப்2 லென்ஸைவிட வெளிச்சம் பாதிதான். பேட்டரி ஒரு சார்ஜில் சுமார் 200 படம். அதாவது ஒரு நாள் ஊர் சுற்றக் கிளம்பினால் இரண்டாவது பேட்டரி கட்டாயம். 2025ல் வந்த ஜிஆர் 4 மாடலும் 262 கிராமோடு இதே கொள்கையில்தான் நிற்கிறது.

ஆனாலும் தெருப் புகைப்படக் கலைஞர்கள் பலர் ரிகோவை விடுவதில்லை. காரணம் எளிமையானது. அது எப்போதும் பாக்கெட்டில் இருக்கிறது. வீட்டில் விட்டுவிட்டு வந்த பெரிய கேமரா ஒரு படமும் எடுக்காது.

இப்போ சோனிக்கு வருவோம்: இயற்பியலா, முடிவா?

எல்லா வசதியும் வேணும்னா என்ன ஆகும் என்பதற்கு 2023ல் வந்த லைகா க்யூ3 ஒரு பதில். ஃபுல் ஃபிரேம், 60 மெகாபிக்சல், லென்ஸிலேயே ஸ்டெபிலைசேஷன், மடங்கும் ஸ்க்ரீன், தூசும் தூறலும் தாங்கும் ஐபி52 தரம். எடை 743 கிராம், அறிமுக விலை 5,995 டாலர். சோனியைவிட சுமார் கால் கிலோ கூடுதல். இந்த ஒப்பீட்டை மட்டும் பார்த்தால், 'எடையைக் குறைக்கத்தான் வசதியைக் குறைத்தோம்' என்ற வாதம் நியாயமாகத் தெரியும்.

ஆனால் சோனியின் வீட்டுக்குள்ளேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. 2023ல் வந்த ஏ7சிஆர். இதிலும் அதே 61 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம். ஸ்டெபிலைசேஷன் உண்டு, திருப்பி மடக்கும் ஸ்க்ரீன் உண்டு. லென்ஸ் இல்லாமல் 515 கிராம், அறிமுக விலை சுமார் 3,000 டாலர். இதில் சோனியின் 120 கிராம் எடையுள்ள 35 மில்லிமீட்டர் எஃப்2.8 லென்ஸை மாட்டினால் மொத்தம் 635 கிராம். அந்த லென்ஸின் சுமார் 800 டாலரையும் சேர்த்தாலும் 4,000 டாலருக்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் கூடுதலாக 1,000 டாலருக்கும் மேல் கொடுத்து ஆர்எக்ஸ்1ஆர் வாங்குபவருக்குக் கிடைப்பது என்ன? சுமார் 140 கிராம் குறைவு. எஃப்2 என்பதால் இரண்டு மடங்கு வெளிச்சம். சென்சாருக்கு மிக நெருக்கமாகப் பொருத்தப்பட்ட, அதற்கென்றே வடிவமைத்த லென்ஸ். லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் கிட்டத்தட்ட சத்தமே இல்லாத ஷட்டர். இவை நிஜமான லாபங்கள்தான்.

ஆனால் ஸ்க்ரீன் விஷயம் வேறு. மடங்கும் ஸ்க்ரீன் இருந்த முந்தைய மாடலின் எடை 507 கிராம். இப்போது 498. வித்தியாசம் 9 கிராம்! லென்ஸின் வடிவமைப்பும் 2012ல் வந்த முதல் ஆர்எக்ஸ்1ல் இருந்த அதே வடிவமைப்புதான். அந்த முதல் கேமராவின் விலை 2,799 டாலர்.

ஆக, தடிமன் இயற்பியல். ஜூம் இல்லாதது இயற்பியல். ஸ்டெபிலைசேஷன் இல்லாதது பாதி இயற்பியல், பாதி முடிவு. ஸ்க்ரீன் மடங்காததை இயற்பியல் மேல் போட முடியாது. அது ஒரு வணிக, வடிவமைப்பு முடிவு. கீல் இல்லாவிட்டால் பின்பக்கம் வழவழப்பாக, உறுதியாக இருக்கும் என்பதை விரும்புகிறவர்களும் உண்டு. மிகக் குறைவாக விற்கும் கேமராவில் ஒவ்வொரு புது பாகமும் செலவை ஏற்றும் என்பதும் உண்மை. ஆனால் அந்த முடிவுக்கான பணத்தையும் வாங்குபவர்தான் கொடுக்கிறார்.

வாங்கும் முன் என்ன யோசிக்கணும்?

* கேமராவை எங்கே வைக்கப் போறீங்க? பேன்ட் பாக்கெட் என்றால் ஃபுல் ஃபிரேமை மறந்துடுங்க.

* அதிகம் எடுப்பது அசையும் ஆட்களையா, அசையாத இடங்களையா? ஆட்கள் என்றால் ஸ்டெபிலைசேஷனைவிட பெரிய அப்பர்ச்சர் முக்கியம். இரவுக் கட்டடங்கள், கோயில் உட்புறம் என்றால் ஸ்டெபிலைசேஷன் கைகொடுக்கும்.

* போனில் கடந்த ஒரு மாதம் எடுத்த படங்களைத் திறந்து பாருங்க. எத்தனை படத்துக்கு ஜூம் போட்டிருக்கீங்க? பாதிக்கு மேல் என்றால் ஒரே கோண லென்ஸ் உங்களுக்குச் சரிவராது.

* மறைமுகச் செலவையும் சேருங்க. எக்ஸ்100விஐ மழைத்தூறலைத் தாங்க வேண்டுமென்றால் லென்ஸ் முன்னால் தனி வளையமும் ஃபில்டரும் மாட்டணும். ரிகோவுக்குக் கூடுதல் பேட்டரி வேணும்.

* பட்டியலில் இல்லாத வசதி ஒன்றைப் பார்த்தால், அதே அளவு கேமரா வேறு எதிலாவது அது இருக்கான்னு தேடுங்க. இருந்தால், இது இயற்பியல் இல்லை. விலை குறையும் வரை காத்திருக்கலாம், வேறு கேமராவுக்கும் போகலாம்.

விளம்பரங்கள் எப்போதும் என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பல மாத சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளில் நாம் தேட வேண்டியது எதை எடுத்துவிட்டார்கள் என்பதை. எடுத்துவிட்டது உங்களுக்குத் தேவையே படாத ஒன்று என்றால், அந்த கேமரா உங்களுக்காகச் செய்யப்பட்டதுதான். இல்லையென்றால், எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது வேறு யாருக்கோ செய்த கேமரா.