அசதிக்கு என்ன வைத்தியம்?

“என்னமோங்க, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. கையும் காலும் ஓஞ்சு போகுது.” கோயமுத்தூர்ப் பக்கத்தில் இந்தப் பேச்சுக் காதில் விழாத தெரு உண்டா? சொல்கிறவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். கேட்கிறவரும், “எனக்கும் அப்படித்தானுங்க” என்பார். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். வீட்டில் மாமியார் இருந்தால், “நாங்கெல்லாம் இந்த வயசுல மூட்டை மூட்டையாக் கம்பு குத்துனோம்” என்று ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடைக்கும்.

மாமியார் சொல்லுவது பொய்யல்ல. ஆனால் அவர் குத்திய கம்பை அவரே சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

இந்த அசதியைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருந்தது. அதாவது, சந்தித்துப் பேசிய அந்த இரண்டு பெண்களில் ஒருவர்!

ரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர். அது உண்டாக இரும்புச் சத்து வேண்டும். மாதந்தோறும் ரத்தம் போவதால் பெண்களுக்கு இந்தத் தேவை அதிகம். ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் என்றும் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கணக்கிட்டிருக்கிறது. அதிகம் தேவைப்படுகிறவர்தான் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிடுகிறார்! சோகை மெல்ல மெல்ல வருவதால் உடம்பும் அதற்குப் பழகிக்கொள்கிறது. ஆகையால், நோய் முற்றும் வரை அது நோய் என்றே தோன்றுவதில்லை.

அடையாளங்கள் சில உண்டு. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், முடி கொட்டும். சிலருக்குப் பச்சரிசியை வாயில் போட்டு மெல்ல வேண்டும் போலிருக்கும். சிலர் சாம்பலையும் சாக்கட்டியையும் தேடுவார்கள். இதைக் கெட்ட பழக்கம் என்று பெண்களைத் திட்டாதீர்கள். சோகை உள்ளவர்களிடம் அடிக்கடி காணும் குறி இது. சந்தேகம் தோன்றினால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அளவு 12-க்குக் குறைந்தால் சோகை. கர்ப்பிணிகளுக்கு 11. பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தம்கூடச் சோகை பிடித்த தாய்க்கு உயிராபத்தாக முடியலாம். ஆகவே கர்ப்பிணிகள் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

இனி ஆகாரம். ஊட்டச்சத்து இயலில் பேர் பெற்ற டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் பணியாற்றிய ஊர் நம் கோயமுத்தூர். 1957-ல் இங்கே தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, சமையலறையும் ஒரு விஞ்ஞானக் கூடம் என்று பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தக் கண்ணோடு நம் அடுப்படியைப் பார்ப்போம். நூறு கிராம் கொள்ளில் சுமார் 8½ மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல். ராகியிலும் முருங்கைக் கீரையிலும் நாலரை. தீட்டிய வெள்ளை அரிசியிலோ ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கம்பும் கொள்ளும் விளைந்த பூமியில் பிறந்து, அவற்றை ஏழை ஆகாரம் என்று நாமே ஒதுக்கிவிட்டோம். “பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே, ரத்தம் ஊறாதா?” என்று கேட்கிறார்கள். நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. இரும்பில் கொள்ளுக்குப் பக்கத்தில்கூடப் பீட்ரூட் நிற்காது.

தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் லேசில் ஒட்டாது என்பது உண்மைதான். அதற்கு உபாயம் உண்டு. கொள்ளுப் பருப்பையும் கீரையையும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் அதிலுள்ள ‘சி’ வைட்டமின் வீணாகும். நெல்லிக்காயும் கொய்யாப் பழமும் அதே வேலையைச் செய்யும். கொள்ளை ஊறவைத்து முளை கட்டுவதும், கம்பங்கூழைப் புளிக்க வைப்பதும் இரும்பை உடம்புக்கு எளிதாக்கும். அசைவம் சாப்பிடும் வீட்டில் ஆட்டு இறைச்சியில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். ஈரலும் நல்லதுதான், கர்ப்பிணிகள் மட்டும் தவிர்க்க வேண்டும். முக்கியமான ஒன்று: சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சோகை வந்த பிறகு ஆகாரம் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மாத்திரையின் குணம் அது. வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது. உடம்பு தேறியதும் நிறுத்திவிடாமல், வைத்தியர் சொன்ன காலம் வரை தொடருங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. கொக்கிப் புழு, பி-12 வைட்டமின் குறைவு, பரம்பரை ரத்தக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. மாத்திரை சாப்பிட்டும் தேறாவிட்டாலும், மாதப்போக்கு மிகுதியாக இருந்தாலும், மாதப்போக்கு நின்ற வயதில் சோகை கண்டாலும் வைத்தியரிடம் போக வேண்டியதுதான்.

இன்று இரவு கொள்ளு ரசம் வைத்தால், எல்லோருக்கும் வார்த்த பிறகு அடி வண்டலுக்குக் காத்திராதீர்கள். உங்கள் தட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு கூடவே உட்காருங்கள். வேண்டியதை அவரவரே போட்டுக்கொள்ளட்டும்.