ரைன் நதியில் ஒரு வாரம்

கப்பல் என்றால் கடலில் போவது, ஆற்றில் போவது ஓடம் என்றுதான் நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

ஐரோப்பாவில் ஆற்றிலேயே கப்பல் போகிறது! 135 மீட்டர் நீளமுள்ள கப்பல். 190 பேர் வரை அதில் தங்கலாம். உள்ளே படுக்கை அறை உண்டு, சாப்பாட்டுக் கூடம் உண்டு. மேலே மொட்டை மாடி. அங்கே நாற்காலியில் சாய்ந்து கொண்டு இரண்டு கரையையும் பார்த்தபடியே போகலாம்.

வழியில் பாலங்கள் தாழ்வாக இருக்கும். அப்போது மொட்டை மாடியின் கைப்பிடிக் கம்பிகளை மடக்கி விடுவார்கள். கப்பல் ஓட்டுகிறவரின் அறையே மெல்லக் கீழே இறங்கும். பாலம் தாண்டியதும் மறுபடி மேலே வரும். குழந்தைகளுக்கு இதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை.

இப்படிப்பட்ட கப்பல்கள் டான்யூப் நதியிலும் போகின்றன, ரைன் நதியிலும் போகின்றன. நாம் இன்று பார்க்கப் போவது ரைன் நதியை.

சுவிட்சர்லாந்தின் பனிமலையில் பிறந்து, ஹாலந்து நாட்டில் கடலில் கலக்கிறது ரைன். நீளம் சுமார் 1,230 கிலோமீட்டர். பல காலம் புத்தகங்களில் 1,320 என்று அச்சாகி வந்தது. யாரோ இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதி விட்டார்கள் போலும்! 2010-ம் ஆண்டில்தான் இந்தத் தவறு வெளியே வந்தது.

பிரயாணம் பாசல் நகரில் தொடங்கும். ஆம்ஸ்டர்டாம் நகரில் முடியும். ஒரு வாரம் ஆகும்.

படி இறங்கும் கப்பல்

முதல் பகுதியில் பத்து அணைகள் இருக்கின்றன. அணையைக் கப்பல் எப்படித் தாண்டும்? அணைக்குப் பக்கத்தில் பெரிய தொட்டி கட்டியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு பக்கமும் கதவு. கப்பல் உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை வெளியே விடுவார்கள். கப்பல் மெல்லக் கீழே இறங்கும். மறுகதவு திறக்கும். கப்பல் போய்க் கொண்டே இருக்கும். படி இறங்குவது போலத்தான்!

அடுத்தது ஸ்ட்ராஸ்பர்க். நதிக்கு இந்தக் கரை பிரான்சு, அந்தக் கரை ஜெர்மனி. இந்த ஊரின் கதையைக் கேளுங்கள். 1871-ல் இது ஜெர்மனிக்குப் போயிற்று. 1918-ல் பிரான்சுக்கு வந்தது. 1940-ல் மறுபடி ஜெர்மனி பிடித்துக் கொண்டது. 1944-ல் மறுபடி பிரான்சு. ஒரே வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே வாழ்ந்த கிழவர் நான்கு தடவை நாடு மாறியிருக்கிறார். இன்று இரண்டு கரைக்கும் நடுவே நடைபாலம் இருக்கிறது. 2004-ல் கட்டியது. காலையில் ஜெர்மனியில் ரொட்டி வாங்கிக் கொண்டு, நடந்தே பிரான்சுக்குத் திரும்பி விடலாம்.

கோட்டைகள்

பிங்கன் முதல் கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர் தூரம். இதுதான் பிரயாணத்தின் உச்சம். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. மலைச் சரிவில் திராட்சைத் தோட்டம். மலைக்கு மலை கோட்டை!

இத்தனை கோட்டை எதற்கு? பல கோட்டைகள் பணம் பிடுங்குவதற்காகக் கட்டியவை. கீழே போகிற படகை நிறுத்திச் சுங்கம் வாங்குவார்கள். கவ்ப் என்ற ஊருக்கு எதிரே, நடு ஆற்றில், ஒரு சுங்கக் கோட்டை நிற்கிறது. பார்த்தால் கல்லில் செய்த கப்பல் போலவே இருக்கும். அங்கே ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டிப் படகை மறிப்பார்கள். பணம் கொடுத்தால்தான் வழி.

இந்தத் தொல்லை எப்படி ஒழிந்தது? ஆற்றங்கரை நாடுகள் கூடிப் பேசின. 1815-ல் ரைன் நதிக் கப்பல் போக்குவரத்துக்கு ஒரு பொதுக் குழு அமைத்தார்கள். 1868-ல் மான்ஹைம் நகரில் ஒப்பந்தம் செய்தார்கள். ஆற்றில் போவதற்காக மட்டும் யாரும் வரி கேட்கக்கூடாது என்று எழுதினார்கள். எத்தனையோ யுத்தம் வந்து போய் விட்டது. அந்த ஒப்பந்தம் இன்றும் அமுலில் இருக்கிறது. அந்தக் குழு இன்றும் ஸ்ட்ராஸ்பர்க்கில் கூடுகிறது.

லோரலை பாறையும் இங்கேதான். 132 மீட்டர் உயரம். பாறைமேல் ஒரு அழகி உட்கார்ந்து தலை வாரிக் கொண்டே பாடுவாளாம். அந்தப் பாட்டில் மயங்கிப் படகோட்டிகள் பாறையில் மோதிச் சாவார்களாம். பழங்கதை என்று வழிகாட்டி சொல்லுவார். நம்ப வேண்டாம். அந்த அழகி, 1801-ல் ஒரு ஜெர்மன் கவிஞர் கவிதையில் பிறந்தவள். ஆற்றில் பாறை இருந்தது மட்டும் நிஜம்.

பிறகு கொலோன். அங்குள்ள தேவாலயத்தை 1248-ல் கட்டத் தொடங்கி, 1880-ல்தான் முடித்தார்கள். 157 மீட்டர் உயரம். அதன் பிறகு ஹாலந்தின் கிண்டர்டைக். 19 பழைய காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. பிறகு ஆம்ஸ்டர்டாம்.

செலவு? ஆளுக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் ரூபாய் ஆகும். அதற்கு மேலும் ஆகும். இன்னொரு வழி உண்டு. கோட்டைப் பகுதியில் இரண்டு கரையிலும் ரெயில் ஓடுகிறது. காலையில் ஏறி மாலையில் இறங்கும் சிறு கப்பலும் இருக்கிறது. நம்மைக் கேட்டால், அந்த 65 கிலோமீட்டரை அப்படிப் பார்த்தாலே போதும் என்போம்.

சாக்கடையாகக் கிடந்த நதி

கப்பல் கம்பெனிகளின் விளம்பரத்தில் வராத சமாசாரம் ஒன்று உண்டு. இந்த நதி ஒரு காலத்தில் ஐரோப்பாவின் சாக்கடை என்று பெயர் வாங்கியது.

கரையெல்லாம் தொழிற்சாலைகள். கழிவு எல்லாம் ஆற்றில். முன்பு ரைன் நதியில் சால்மன் மீன் ஏராளம். 1950-களில் ஒன்று கூட இல்லாமல் போயிற்று.

1986 நவம்பர் 1-ந் தேதி, விடியும் முன்பு, பாசல் அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. சங்கு ஊதியது. ஜன்னலைச் சாத்திக் கொண்டு வீட்டுக்குள் இருங்கள் என்று ஜனங்களுக்கு உத்தரவு. தீயை அணைக்க ஊற்றிய தண்ணீர், விஷ மருந்துகளை அடித்துக் கொண்டு ஆற்றில் இறங்கியது. ஆறு சிவப்பாக ஓடியது! சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. கீழே உள்ள ஊர்களில் குடிதண்ணீர் எடுப்பதை நிறுத்தினார்கள்.

ஜனங்கள் கொதித்தார்கள். ஆற்றங்கரை நாடுகளின் மந்திரிகள் கூடினார்கள். அடுத்த வருஷமே திட்டம் தயார். கழிவைச் சுத்தம் செய்யாமல் விடக்கூடாது. தீ அணைக்கும் தண்ணீர் ஆற்றுக்குப் போகாமல் தேக்க வேண்டும். 2000-ம் ஆண்டுக்குள் சால்மன் மீன் திரும்பி வர வேண்டும்! மீன் வந்தால்தான் ஆறு சுத்தம் என்று சாதாரண மனிதனுக்கும் புரியும் அல்லவா?

மீன் வந்தது. 1990 முதல் பல ஆயிரம் சால்மன்கள் கடலிலிருந்து திரும்பியிருக்கின்றன. இன்று 3 கோடி பேர் குடிப்பது ரைன் தண்ணீர். பாசல் நகரில் கோடைகாலத்தில் ஒரு காட்சி. ஆபீஸ் முடிந்ததும், உடுப்பை மீன் வடிவப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்தபடி ஆற்றோடு மிதந்து வீடு போகிறார்கள்! சிவப்பாக ஓடிய அதே ஆற்றில்!

உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் ரசிப்பது இந்தச் சுத்தமான ஆற்றைத்தான். அதைச் சுத்தம் செய்தது கரையில் இருக்கிற ஜனங்களின் வரிப்பணம்.

இன்னும் பாக்கி

வேலை முடிந்து விடவில்லை. 2018 அக்டோபரில் மழை பொய்த்தது. கவ்ப் ஊரில் நதியின் அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. கப்பல் போகும் நடுப்பகுதியில் ஆழம் இதைவிட அதிகம்தான். ஆனாலும் பெரிய கப்பலுக்குப் போதாது. 2022 ஆகஸ்டிலும் தட்டுப்பாடு வந்தது. ஆற்றில் தண்ணீர் இப்படி வற்றினால், கப்பல் பிரயாணிகள் பஸ்ஸில் ஏறி ஊர் பார்க்க வேண்டியதுதான். தலைமாட்டில் உள்ள பனிமலையும் வருஷா வருஷம் உருகிச் சிறுத்து வருகிறது.

மீனுக்கும் பாக்கி இருக்கிறது. முட்டையிட சால்மன் மலை வரை ஏறிப் போக வேண்டும். அணை ஓரமாக மீன் ஏறுவதற்கு ஏணி போலத் தொட்டி தொட்டியாகக் கட்டி வருகிறார்கள். கீழே உள்ள அணைகளில் கட்டியாகி விட்டது. மேலே, பாசலுக்குப் போகும் வழியில், சில அணைகளில் இன்னும் இல்லை. 2020-க்குள் பாசல் வரை மீனுக்கு வழி திறப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் எப்போதோ போய் விட்டது.

190 பேர் தூங்கும் கப்பலுக்கு அந்த அணைகளில் கதவு திறக்கிறது. மீனுக்கும் ஏணி கட்டி முடிக்க அந்த நாடுகள் இனியும் நாள் கடத்தக் கூடாது.