ஹராம் என்று சொல்லிவிட்டால் போதுமா?

யாழ்ப்பாண உறவுகளே!

"எங்கட ஆக்கள் குடிக்கிறதில்லை" என்று இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லப் போகிறோம்? குடும்ப மானம் போகும், மகளின் நிகாஹ் தடைப்படும் என்று மூடி மறைக்கிறோம். அந்த மறைப்பில் பாதுகாப்பாக இருப்பது போத்தல் மட்டும்தான்.

1990 ஒக்டோபரில் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். சோனகதெருவுக்குத் திரும்பி வந்தது பிள்ளைகளைக் குடிக்குப் பறிகொடுக்கவா?

குர்ஆன்கூட மதுவைப் படிப்படியாகத்தான் தடுத்தது. அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்றது (2:219). போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்றது (4:43). கடைசியாகவே முற்றாக விலக்கியது (5:90). நாமோ குடிப்பவனை ஒரே ஏச்சில் திருத்தப் பார்க்கிறோம்.

நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அறையில் பூட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்பவர் யாரென்று தெரிந்தும் ஏன் முறைப்பாடு செய்வதில்லை?

பள்ளிவாசல் நிர்வாகிகளே, மாதம் ஒரு ஜும்ஆவிலாவது இதைப் பேசுங்கள். குடிப்பவனின் வீட்டுக் கதவை, ஏசுவதற்கல்லாமல் உதவுவதற்காகத் தட்டுவோம். அவனுடைய பிள்ளையும் நமது பிள்ளைதான்.